சாந்தினி சௌக்கின் காமிராச் சந்து

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் செங்கோட்டையைக் காணாத குடும்பம் இராது. ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் அவர்களை அழைத்துச் சென்று காட்டும் கடமை நமக்கு உண்டு. ஆனால் கோட்டையைக் கண்டு திரும்புவோரிற் பலர், அதன் லாகூர் வாயிலுக்கு எதிரே மேற்கு நோக்கி நீண்டு செல்லும் பெருவீதியை மேலோட்டமாகவே பார்த்துவிட்டு வந்துவிடுகின்றனர். அவ்வீதியே சாந்தினி சௌக். ஷாஜஹான் மன்னரின் மகளார் ஜஹானாரா 1650ஆம் ஆண்டில் வகுத்தமைத்த கடைவீதி அது. அந்நாளில் வீதியின் நடுவே வாய்க்கால் ஒன்று ஓடிற்று. இடையிலிருந்த குளத்தில் நிலவொளி விழுந்து மின்னியதால் ‘நிலவொளிச் சதுக்கம்’ என்னும் பொருள்பட இப்பெயர் வழங்கலாயிற்று என்பர். வாய்க்காலும் குளமும் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. 2021ஆம் ஆண்டில் வீதி புதுப்பிக்கப்பட்டபின், காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகள் உள்ளே வரலாகாது என்பது விதி. சிவந்த கல் பாவிய பாதையில் மக்கள் வெள்ளமும் மிதிவண்டி ரிக்ஷாக்களும் இடைவிடாது செல்லும் காட்சி காணத்தக்கது.

இவ்வீதியின் உயிர் இதன் கிளைச் சந்துகளில் இருக்கிறது. சென்னைப் பாரிமுனையில் தெருவுக்கு ஒரு வாணிகம் இருப்பதுபோல இங்குச் சந்துக்கு ஒரு வாணிகம். வெள்ளி நகை வேண்டுவோர் தரீபா கலானுக்குச் செல்லவேண்டும். சரிகையும் ஜிகினாவும் வேண்டுவோர் கினாரி பஜாருக்கு. மூக்குக் கண்ணாடிக்குப் பல்லிமாரான். பாடநூலுக்கு நயீ சடக். மின்விளக்குச் சாமான்களுக்குப் பாகீரத் பேலஸ். மிளகாய், மஞ்சள், ஏலம், முந்திரிக்கு மேற்குக் கோடியிலுள்ள காரி பாவ்லி. அவ்வரிசையில், படம் பிடிக்கும் கருவிகளுக்கென்றே அமைந்த சந்து கூச்சா சௌதரி. ‘கூச்சா’ என்னும் பாரசீகச் சொல்லுக்குச் சந்து என்பதே பொருள்.

இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளை ஒதுக்கி வழிவிட வேண்டிய குறுகலான இடம் அது. தலைக்கு மேலே மின்கம்பிகள் கொடிப்பந்தல் போலப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் கீழே, உலகின் எந்தப் பெருநகரத்துக் கண்ணாடி அலமாரியிலும் காணத்தக்க கருவிகள் வரிசையாக வீற்றிருக்கின்றன. காமிராக்கள், லென்ஸுகள், முக்காலிகள், விளக்குக் குடைகள், மின்கலங்கள், பைகள், திருமண ஆல்பங்கள் ஆகிய யாவும் அங்கு உண்டு. செங்குத்தான படிகளில் ஏறிச் சென்றால், மாடியில் பழுது பார்க்கும் கைவினைஞர்கள் மேசை விளக்கின் கீழே குனிந்து, எள்ளினும் சிறிய திருகாணிகளைக் கிடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இச்சந்தில் புதிய கருவிகளோடு பழைய கருவிகளின் வாணிகமும் நடைபெறுகிறது. சிறுவருவாய்க் குடும்பத்தார்க்கு அதுவே பெரிதும் பயன்படுவது. புதிய கருவியின் விலை பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். பழையதாயின் எட்டிப் பிடிக்கலாம். பழைய கருவி விற்கும் மேசை எதுவாயினும் அங்கு முதலிற் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. “ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது?” என்று வாங்குவோர் இந்தியில் கேட்பர். விற்போர் ஓர் எண்ணைச் சொல்வர். எண் சிறிதாயின் வாங்குவோர் முகம் மலரும், பெரிதாயின் சுருங்கும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போன்றது இது. ஆனால் பல்லை மட்டும் பார்த்து மாடு வாங்கும் உழவர் உண்டோ? இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று.

ஷட்டர் என்பது காமிராவினுள் ஒளியுணரும் சென்சாருக்கு முன்னே அமைந்த மூடுதிரை. கண்ணாடி ஏறியிறங்கும் வகைக் கருவியில் பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஒரு சிறு நாடகம் நடந்தேறுகிறது. முதலில் கண்ணாடி மேலே எழும். பின் முதல் திரை விலகும். சென்சார் மீது ஒளி விழும். இரண்டாம் திரை பின்தொடர்ந்து வந்து மூடும். கண்ணாடி பழைய இடத்துக்கு இறங்கும். இவை யாவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். 4000இல் ஒரு பங்கு நொடி போன்ற மிகு வேகங்களில், முதல் திரை முழுதும் விலகுமுன்னரே இரண்டாம் திரை புறப்பட்டுவிடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கீற்று மட்டுமே சென்சாரைத் தடவிச் செல்கிறது. வில்லும் சக்கரமும் மென்தகடும் கொண்ட இப்பொறி ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை உழைக்கிறது. எத்தனை முறை உழைத்தது என்பதைக் கருவி தானே குறித்துவைத்துக்கொள்ளும். அதுவே ஷட்டர் எண்ணிக்கை.

இப்பொறி எத்தனை முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டது என்பதைத் தயாரிப்பாளர் பல கருவிகளுக்கு வெளியிட்டுள்ளனர். கேனன் 6டிக்கு 1,00,000. நிக்கான் டி750க்கும் கேனன் 5டி மார்க் 4க்கும் 1,50,000. நிக்கான் டி850க்கு 2,00,000. செய்தியாளரும் விளையாட்டுப் படம் எடுப்போரும் கையாளும் நிக்கான் டி5க்கு 4,00,000. பிலிம் சுருள் காலத்துக் கணக்கில் ஓர் இலட்சம் என்பது, சுருளுக்கு 36 படம் வீதம், 2,777 சுருள்களுக்கு மேலாகும். நம் தந்தையர் தம் வாழ்நாள் முழுதும் வாங்கிய சுருள்களை எண்ணிப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும்.

எனினும் அந்த எண் ஆயுள் முடியும் நாளைக் குறிப்பதன்று. அதற்கு முன்னரே நின்றுவிடும் ஷட்டரும் உண்டு. அதைக் கடந்து நெடுந்தூரம் ஓடும் ஷட்டரும் உண்டு. மேலும், ஷட்டர் பழுதுபட்டால் காமிராவே போயிற்று என்பதில்லை, மாற்றிக்கொள்ளலாம். உதிரிப் பொருளின் விலையும் கூலியும் சேர்ந்தால், கருவியின் பழைய விலையில் ஒரு பெரும்பங்கு ஆகிவிடலாம் என்பதே கவலை.

ரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இதில் வியப்பொன்றும் இல்லை. பயணிகள் பெட்டியின் முனைச் சுவரில், அது பெரும் பழுதுபார்ப்புக்கு எந்தப் பணிமனையில் எந்நாளில் சென்றது என்பது வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும். மேடையில் வண்டிக்குக் காத்திருக்கும் அன்பர்கள் ஒருமுறை அதனைப் பார்க்கலாம். பெட்டி எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்பது ஒரு கணக்கு. அதன் அச்சும் சக்கரமும் தடையும் இன்று எந்நிலையில் உள்ளன என்பது வேறொரு கணக்கு. இரண்டையும் பார்த்த பின்னரே பெட்டி பாதையில் ஏறும்.

சென்ற குளிர்காலத் தொடக்கத்தில், எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இருவருடன் கூச்சா சௌதரிக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒருவர், அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்ற பெரியவர். பேத்தியின் நடன அரங்கேற்றத்தையும் கோயில் உத்சவங்களையும் நல்லபடியாகப் படம் எடுக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். மற்றவர், திருமணப் படம் எடுப்பதையே தொழிலாகக் கொள்ள முனைந்த இளைஞர். இரண்டாண்டுகள் ஒருவரிடம் உதவியாளராக நின்று தொழில் கற்றவர். அவர் சட்டைப்பையில் இருந்தது அவருடைய தாயார் சீட்டுக் கட்டி எடுத்த பணம். தந்தையார் இல்லாத வீடு. ஆகவே அந்தப் பணம் இரண்டாம் முறை வாராது என்பதை மூவரும் அறிந்தே சென்றோம்.

ஒரு கடையில் இரண்டு நிக்கான் டி750 கருவிகள் மேசைமீது வைக்கப்பட்டன. ஒன்று 18,000 ஓடியது என்றும், மற்றது 92,000 ஓடியது என்றும் கடைக்காரர் கூறினார். முன்னதற்கு விலை 7,000 ரூபாய் மிகுதி. இளைஞரின் கை தானாகவே முன்னதன்மேல் சென்றது.

“எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருக்கிறதே, அண்ணா! இதையே எடுத்துக்கொள்ளலாமா?” என்றார்.

“பொறு தம்பி, பார்த்துவிட்டு முடிவு செய்வோம்” என்றேன்.

முதலில் எண்ணையே சரிபார்த்தோம். படக்கோப்பின் பெயரில் வரும் எண்ணை நம்பலாகாது. அது 9999 ஆனதும் மீண்டும் 0001 எனத் தொடங்கிவிடும். நிக்கான் கருவிகள் உண்மையான எண்ணிக்கையை ஒவ்வொரு படத்தினுள்ளும் மறைகுறிப்பாக எழுதிவைக்கின்றன. இரு கருவிகளிலும் புதிதாக ஒவ்வொரு படம் எடுத்து, இளைஞரின் மடிக்கணினியில் எக்ஸிஃப்டூல் என்னும் இலவச மென்பொருளால் திறந்து பார்த்தோம். கடைக்காரர் சொன்ன எண்கள் இரண்டும் பொய்யல்ல. (கேனன் கருவிகளிற் பெரும்பாலானவை படத்தினுள் இதனை எழுதுவதில்லை, கருவியையே கம்பி வழியாகக் கணினியோடு இணைத்து வேறு மென்பொருளால் அறியவேண்டும்.)

பின்னர்க் கருவிகளைச் சோதித்தோம். வேகத்தை 4000இல் ஒரு பங்கு நொடியில் வைத்து, சந்தின் முனைக்குச் சென்று, வெறும் வானத்தைப் பலமுறை படம் எடுத்தோம். 92,000 ஓடிய கருவியில் எல்லாப் படங்களும் ஒரு சீராக இருந்தன. 18,000 ஓடியதிலோ, பத்துப் படங்களில் மூன்றில் ஓர் ஓரம் நிழல் படிந்தாற்போல் இருண்டிருந்தது. திரைகள் இரண்டும் ஒத்த வேகத்தில் ஓடவில்லை என்பதற்கு அதுவே சான்று. அடுத்து, லென்ஸின் துளையை எஃப்16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்தோம். அதிலும் முன்னதன் சென்சாரில் புள்ளிகள் மிகுதி. அதன் கைப்பிடி ரப்பர் தளர்ந்திருந்தது. பின்புறத் திரையின் கீல் ஆடிற்று. கம்பி செருகும் துளைகள் தேய்ந்திருந்தன. அடிப்பகுதித் திருகாணிகளின் தலையில் கீறல்கள் காணப்பட்டன.

கருவி பெரும்பாலும் சலனப்படம் எடுக்கப் பயன்பட்டது என்பதை இவை உணர்த்தின. சலனப்படம் எடுக்கும்போது ஷட்டர் திறந்தபடியே நிற்கும். மணிக்கணக்கில் ஓடினாலும், சென்சார் சூடேறி உழைத்தாலும், எண்ணிக்கையில் அவ்வுழைப்பு ஏறுவதில்லை. ஆகவே 18,000 என்னும் எண் உண்மையாயினும், அக்கருவி வாழ்ந்த வாழ்வின் ஒரு பகுதியையே அது சொல்லிற்று. இது தவிர இன்னொன்றும் உண்டு. டி750இன் ஒருசில தயாரிப்புத் தொகுதிகளில் ஷட்டர் சரிவர இயங்காது படத்தில் நிழல் விழக்கூடும் என்று 2015ஆம் ஆண்டில் நிக்கான் நிறுவனமே அறிவித்து, வரிசை எண்ணைக்கொண்டு அறியவும் இலவசமாகச் செப்பனிடவும் ஏற்பாடு செய்தது. சில மாத வயதே ஆன கருவிகளைப் பற்றிய அறிவிப்பு அது. எண் சிறிதாக இருப்பது நலத்துக்கு உறுதியாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதனைக் கேட்ட இளைஞர், அவ்வாறாயின் 92,000 ஓடியதையே வாங்கிவிடலாம் என்றார். அங்கேதான் எண் மீண்டும் தன் வலிமையைக் காட்டிற்று. 1,50,000இல் 92,000 கழிந்தால் மீதி 58,000. பெரியவர் மாதந்தோறும் 200 படங்கள் எடுப்பார் என வைத்துக்கொண்டால், அந்த மீதி 290 மாதங்களுக்குப் போதும். அதாவது 24 ஆண்டுகளுக்கு மேல். ஷட்டருக்கு முன் கருவியின் மற்ற உறுப்புகளே மூப்படைந்துவிடும். ஆனால் தில்லித் திருமணம் ஒருநாட் காரியமன்று. மெஹந்தி, சங்கீத், ஊர்வலம், மணமேடை, வரவேற்பு என்று இரவும் பகலும் நீளும். ஒரு திருமணத்துக்கு 2,500 படங்கள் எனக் கொண்டாலும் 58,000 என்பது 23 திருமணங்களில் தீர்ந்துவிடும். கார்த்திகையில் தொடங்கும் ஒரு முகூர்த்தப் பருவமே அதனை உண்டுவிடக்கூடும். நள்ளிரவில் மாலை மாற்றும் தருணத்தில் ஷட்டர் நின்றுபோனால், மணமக்களை மீண்டும் ஒருமுறை மாலை மாற்றச் சொல்ல இயலுமா? முதல் பருவத்திலேயே கெட்ட பெயர் வாங்கினால் அடுத்த பருவத்துக்கு அழைப்பார் யார்?

பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “தம்பி, எனக்கு மிச்சம் இருக்கிற காலத்துக்கு இதற்கு மிச்சம் இருப்பது ஏராளம்!” என்று கூறிச் சிரித்தார். 92,000 ஓடிய கருவியை அவரே வாங்கிக்கொண்டார்.

இளைஞர் அன்று வெறுங்கையுடன் திரும்பினார். மெட்ரோ வண்டியில் வரும்போது அவர் முகத்தில் வாட்டம் தெரிந்தது; கடை கடையாக ஏறி இறங்கிய களைப்பும் சேர்ந்திருந்தது. வாங்காமல் திரும்புவதும் ஒரு வாணிகமே என்று அவரைத் தேற்றினேன். இரண்டு வாரம் கழித்து, அதே சந்தில் வேறொரு கடையில், 27,000 ஓடிய அதே வகைக் கருவி, முதல் உரிமையாளரின் பற்றுச்சீட்டுடன் அவருக்குக் கிடைத்தது. சோதனைகள் அனைத்திலும் தேறிற்று. அத்துடன் அவர் ஒரு நல்ல பழக்கத்தையும் மேற்கொண்டார். ரயில்வேயில் தேய்மானத்துக்கென்று தனி நிதி ஒதுக்கப்படுவதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தேன். அதன்படி ஒவ்வொரு திருமணக் கூலியிலும் 500 ரூபாயை ஷட்டர் மாற்றும் செலவுக்கென்று தனியே எடுத்துவைக்கிறார். ஐம்பது திருமணம் முடிந்தால் 25,000 ரூபாய் சேர்ந்துவிடும். ஷட்டர் நின்றாலும் தாயார் மறுபடி சீட்டு எடுக்கவேண்டிய நிலை வாராது.

ஆகவே ஷட்டர் எண்ணிக்கை முக்கியமா என்னும் கேள்விக்கு, வாங்குவோர் யார் என்று அறியாமல் விடை கூற இயலாது. ஒரே மேசையில் ஒரே கருவி ஒருவருக்கு ஏற்றதாகவும் மற்றவருக்கு ஏலாததாகவும் இருந்ததை மேலே கண்டோம். வீட்டு உபயோகத்துக்கு வாங்குவோர் எண்ணைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. கருவியின் இன்றைய நிலையையே கூர்ந்து நோக்கவேண்டும். தொழிலுக்கு வாங்குவோர் நிலையையும் பார்க்கவேண்டும்; மீதி எண்ணைத் தம் மாத உழைப்பால் வகுத்தும் பார்க்கவேண்டும்.

காலமும் மாறி வருகிறது. 2021இல் வெளிவந்த நிக்கான் இசட்9, 2023இல் வந்த இசட்8 ஆகிய கருவிகளில் இயங்கும் திரையே கிடையாது. சென்சாரே மின்முறையில் திறந்து மூடும் வேலையைச் செய்துவிடுகிறது. கண்ணாடியற்ற வேறு பல கருவிகளிலும் ஓசையில்லாமல் மின்முறையில் படம் எடுக்கும் வசதி உண்டு; அப்போது திரை தேய்வதில்லை. இத்தகைய கருவிகள் பழைய பொருள் மேசைக்குப் பெருகி வரும்போது, எண்ணை மட்டும் கேட்போர் இன்னும் தடுமாறுவர்.

கூச்சா சௌதரிக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். கரோல்பாக், மயூர் விஹார் பகுதியினர் நீலவழி மெட்ரோவில் ராஜீவ் சௌக் வந்து மஞ்சள்வழிக்கு மாறிச் சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கலாம். இராமகிருஷ்ணபுரத்தார் ஹௌஸ் காஸ் வந்து மாறலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருக்கும். முற்பகலில் செல்லுதல் நலம். கூட்டம் குறைவு, வானத்தைப் படம் எடுத்துச் சோதிக்க வெளிச்சமும் உண்டு. நினைவு அட்டை ஒன்றும், முழுதும் மின்னேற்றிய மடிக்கணினி ஒன்றும் உடன்கொண்டு செல்க. ஜப்பான் நாட்டு விற்பனைக்கென்று செய்யப்பட்ட சோனி கருவிகள் பலவற்றில் திரைக் குறிப்புகள் ஜப்பானிய மொழியில் மட்டுமே தோன்றும். விலை மலிவு என்று எடுத்துவிட்டுப் பின் விழிக்கலாகாது. கருவியின் வரிசை எண்ணைக் குறித்துப் பற்றுச்சீட்டு எழுதித் தராத கடையில், எண் எவ்வளவு சிறிதாயினும் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் கைமாறுவதும் அவ்வழியே.

காமிராவும் பையும் பத்திரமாகக் கைக்கு வந்தபின் உடனே திரும்பிவிடாமல், தரீபா கலான் முனையில் சுடச்சுட ஜிலேபி வாங்கி உண்டு வருக. புதிய கருவியின் முதற்படத்துக்கு அதனினும் அழகிய பொருள் அவ்வீதியில் வேறில்லை.